எந்தக் கோப்பைத் திறப்பார்கள்? அமெரிக்காவின் மூன்று கிரெடிட் பீரோக்களும் அவற்றின் சேவைகளும்

அமெரிக்காவில் கிரெடிட் கார்டுக்கோ வாகனக் கடனுக்கோ விண்ணப்பிக்கும் ஒருவர், தம்முடைய கடன் வரலாற்றை எந்த பீரோவிடமிருந்து, அதாவது கடன் தகவல்களைத் தொகுத்து விற்கும் எந்த நிறுவனத்திடமிருந்து, வாங்கிப் பார்க்க வேண்டும் என்று வங்கிக்குச் சொல்ல முடியாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்றில் ஒன்றை, சில நேரங்களில் இரண்டை அல்லது மூன்றையுமே, வங்கி தானாகத் தேர்ந்தெடுக்கிறது. 1970-இல் இயற்றப்பட்ட நியாயமான கடன் அறிக்கைச் சட்டம், ஒருவருடைய அறிக்கையை எந்தக் காரணங்களுக்காக வாங்கலாம் என்று வரையறுக்கிறதே தவிர, யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. ஆகவே இந்த மூன்று நிறுவனங்களும் பொதுமக்களுக்கு அளிக்கும் சேவைகளை மதிப்பிடும்போது, செயலி எவ்வளவு அழகாக இருக்கிறது, ஸ்கோர் எனப்படும் கடன் மதிப்பெண் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது என்பவற்றை நான் பின்னால்தான் வைக்கிறேன். ஒரு வங்கி நம் கோப்பைத் திறக்கும் நாளில் அதில் என்ன இருக்கும் என்பதை முன்கூட்டியே பார்க்கவும், பிழையைத் திருத்தவும், வேண்டாதபோது பூட்டி வைக்கவும் அந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதே இங்கே என் அளவுகோல்.

வங்கி எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது தெரியாமல் இந்தச் சேவைகளை மதிப்பிட இயலாது. பீரோவுக்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் வங்கிதான். ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு விலை உண்டு. எண்ணிக்கை கூடும்போது ஒப்பந்தத்தில் விலை குறையும். ஆண்டுக்குப் பல லட்சம் விண்ணப்பங்களைப் பார்க்கும் ஒரு கார்டு நிறுவனம், ஒவ்வொருவருக்கும் மூன்று அறிக்கைகள் வாங்குவதைவிட, பெரும்பாலான முடிவுகளுக்கு ஒன்றே போதும் என்று கருதுவதில் வியப்பில்லை. ஆனால் விலை மட்டுமே காரணம் என்று எண்ணுவது சரியாகாது. வங்கிக்குள் இயங்கும் முடிவெடுக்கும் மென்பொருள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பீரோவின் பழைய தரவுகளை வைத்துத்தான் கட்டமைக்கப்பட்டிருக்கும். சம கடன் வாய்ப்புச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், இத்தகைய ஸ்கோர் முறைகள் புள்ளியியல் முறையில் நிறுவப்பட்டவையாகவும் காலந்தோறும் சரிபார்க்கப்படுபவையாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பீரோவை மாற்றினால் அந்தச் சரிபார்ப்பையெல்லாம் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், ஒருமுறை பழகிய பீரோவை வங்கிகள் எளிதில் விடுவதில்லை.

இருப்பிடமும் ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் தனித்தனிக் கடன் தகவல் அலுவலகங்கள் இருந்தன. இன்றைய மூன்று நிறுவனங்களும் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கி வளர்ந்தவை. ஈக்விஃபாக்ஸ் 1899-இல் அட்லாண்டாவில் ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி என்ற பெயரில் தொடங்கியது. டிரான்ஸ்யூனியன் 1968-இல் சிகாகோவில் பிறந்தது. டிஆர்டபிள்யூ நிறுவனத்தின் கடன் தகவல் பிரிவாக இருந்தது 1996-இல் எக்ஸ்பீரியன் ஆனது. அந்தப் பழைய வட்டாரப் பலத்தின் எச்சம் இன்னும் முழுமையாக மறையவில்லை. ஒரே வங்கி ஒரு மாநிலத்தில் ஒரு பீரோவையும் மற்றொரு மாநிலத்தில் வேறொன்றையும் பார்ப்பது இதனாலும் நிகழ்கிறது. மேலும், ஒரு வங்கி தன் வாடிக்கையாளர்களின் கட்டண வரலாற்றை பீரோவுக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. சிறிய கடன் சங்கங்கள் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் அனுப்புவதுண்டு. அதனால்தான் ஒரே மனிதருக்கு மூன்று கோப்புகளும் மூன்று விதமாக இருக்கின்றன. அதனால்தான் வங்கியின் தேர்வு நமக்கு ஒரு பொருட்டாகிறது.

விண்ணப்பம் வந்தவுடன் பல வங்கிகளின் மென்பொருள் படிப்படியாக இறங்கும். முதல் பீரோவில் கோப்பு இல்லை, அல்லது இருந்தும் போதிய வரலாறு இல்லாமல் மெலிந்து கிடக்கிறது, அல்லது விண்ணப்பதாரர் அதைப் பூட்டி வைத்திருக்கிறார் என்றால், இரண்டாம் பீரோவுக்குப் போகும். எல்லா வங்கிகளும் இப்படிச் செய்வதில்லை. சில வங்கிகள் பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி அழைக்கச் சொல்லும். சில அப்படியே நிராகரித்துவிடும். ஹார்ட் புல் எனப்படும் இந்தப் பார்வை, பார்க்கப்பட்ட பீரோவின் கோப்பில் மட்டுமே பதிவாகி இரண்டு ஆண்டுகள் தங்கும். வங்கிகள் பரவலாகப் பயன்படுத்தும், ஃபைகோ என்ற நிறுவனம் உருவாக்கிய ஃபைகோ ஸ்கோரைக் கணக்கிடும்போது அவற்றில் கடைசி 12 மாதங்களுக்குரியவை மட்டுமே கருதப்படும். பெரும்பாலானோருக்கு ஒரு பதிவால் குறைவது ஐந்து புள்ளிகளுக்குள்தான் என்று ஃபைகோ நிறுவனமே சொல்கிறது. இந்தச் சிறு இழப்பைத் தவிர்ப்பதற்காக எந்த வங்கி எந்த பீரோவைப் பார்க்கிறது என்று பட்டியல் போட்டு அலைவோரின் உழைப்பு, என் கருத்தில், இலாபத்தை மீறியது. கோப்பின் உள்ளடக்கத்தில் உள்ள வேறுபாடு அதைவிடப் பன்மடங்கு பெரியது.

வீட்டுக் கடன் இந்தக் குழப்பத்திலிருந்து பெரும்பாலும் விலகி நிற்கிறது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மாக் ஆகிய நிறுவனங்களுக்கு விற்கப்படவிருக்கும் கடன்களுக்கு மூன்று பீரோக்களின் தரவையும் ஒன்றாக இணைத்த அறிக்கை வாங்கப்படுவதே நீண்டகால வழக்கம். அதில் எக்ஸ்பீரியனுக்கு ஃபைகோ 2, டிரான்ஸ்யூனியனுக்கு ஃபைகோ 4, ஈக்விஃபாக்ஸுக்கு ஃபைகோ 5 என்று பழைய பதிப்புகள் பயன்பட்டு வந்தன. ஒருவருடைய மூன்று ஸ்கோர்களில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். வாகனக் கடனில் நிலைமை நேர்மாறானது. டீலர் ஒரே விண்ணப்பத்தைப் பல நிதி நிறுவனங்களுக்கு அனுப்பிவிடுவார். ஒவ்வொன்றும் தனக்குப் பழகிய பீரோவைத் திறக்கும். அங்கே பார்க்கப்படுவது 250 முதல் 900 வரை செல்லும் வாகனத் துறைக்கான தனி ஃபைகோ ஸ்கோராக இருக்கலாம். நாம் செயலியில் பார்த்து மகிழ்ந்த 300 முதல் 850 வரையிலான ஸ்கோருக்கும் அதற்கும் நேரடி ஒப்பீடு கிடையாது. ஒரு நல்ல செய்தி உண்டு: வீடு, வாகனம், கல்வி ஆகிய கடன்களுக்கு ஒரு குறுகிய காலத்துக்குள் பல இடங்களில் விசாரித்தால், ஃபைகோ அவற்றை ஒரே விசாரணையாகக் கருதும். பழைய பதிப்புகளில் இந்தக் காலம் 14 நாட்கள். புதியவற்றில் 45 நாட்கள். கிரெடிட் கார்டு விண்ணப்பங்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

இனி சேவைகளுக்கு வருகிறேன். இவற்றுள் மிகச் சிறந்தது, மூன்று நிறுவனங்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் சேர்ந்து நடத்தும் ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் என்ற பொது இணையதளம் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தருவதற்காக உருவான இந்தத் தளத்தில், பெருந்தொற்றுக் காலத்தில் தற்காலிகமாகத் தொடங்கிய வாராந்தர இலவச அறிக்கை 2023-இல் நிரந்தரமாக்கப்பட்டது. தோற்றத்தில் பழைய அரசு அலுவலகப் படிவத்தை ஒத்திருக்கும், ஸ்கோர் காட்டாது, வரைபடங்கள் இல்லை, அடையாளம் உறுதிப்படுத்தும் கேள்விகளில் தடுக்கி விழுந்தால் அஞ்சலில்தான் பெற வேண்டியிருக்கும். இருந்தும் ஒரு வங்கி பார்க்கக்கூடிய கணக்குகள், நிலுவைகள், தாமதங்கள் ஆகியவற்றை மூன்று பீரோக்களிலும் அருகருகே வைத்து ஒப்பிட இதைவிட நல்ல வழி வேறில்லை. பெரிய கடன் ஒன்றுக்கு விண்ணப்பிப்பவர் ஓரிரு மாதங்களுக்கு முன்பே மூன்றையும் இறக்கிப் படித்துவிட வேண்டும். ஒன்றில் மட்டும் படிப்பது, வங்கி அந்த ஒன்றைத்தான் திறக்கும் என்று பந்தயம் கட்டுவதற்குச் சமம்.

படிக்கும்போது தமிழர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம், பெயர்ப் பகுதி. தந்தையின் பெயர் முன்னெழுத்தாக ஓரிடத்திலும், குடும்பப் பெயராக இன்னோரிடத்திலும், பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் அடைந்தும் இருக்கும் நம் வழக்கத்தால், ஒரே மனிதருடைய கணக்குகள் ஒரு பீரோவில் இரண்டு கோப்புகளாகப் பிரிந்துபோக வாய்ப்புண்டு. அப்படிப் பிரிந்தால் பழைய கார்டின் வரலாறு ஒரு கோப்பிலும் புதிய கடன் மற்றொன்றிலும் கிடக்க, வங்கிக்குத் தெரிவது மெலிந்த கோப்பு மட்டுமே. பெயர் பொருத்தத்தில் பீரோக்கள் எவ்வளவு அசட்டையாக இருக்க முடியும் என்பதற்கு டிரான்ஸ்யூனியன் மீதான வழக்கு சான்று. முதற்பெயரும் கடைசிப் பெயரும் அரசின் தடைப் பட்டியலில் உள்ள பெயருடன் ஒத்திருந்தது என்ற ஒரே காரணத்தால் 8,185 பேரின் கோப்புகளில் அந்த நிறுவனம் எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம், அந்த அறிக்கை வெளி நிறுவனங்களுக்கு உண்மையில் அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே அந்தக் குறிப்புக்காக இழப்பீடு கோரும் தகுதி உண்டு என்று தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கம் எதுவாயினும், பிறந்த தேதியைக்கூட ஒப்பிடாத ஒரு பொருத்தம் வங்கியின் மேசைக்குப் போயிருக்கிறது என்பதே இந்த மதிப்புரைக்கு வேண்டிய செய்தி.

ஈக்விஃபாக்ஸின் வரலாறும் சுத்தமானதன்று. 2017-இல் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் தகவல்கள் அங்கிருந்து கசிந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். கடன் விண்ணப்பதாரரின் கண்ணோட்டத்தில் அதைவிட என்னைக் கவர்ந்தது 2022-இல் நடந்தது. மார்ச் மாத நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு, பழைய கணினி ஒன்றில் ஏற்பட்ட நிரல் பிழையால் ஈக்விஃபாக்ஸ் வங்கிகளுக்குத் தவறான ஸ்கோர்களை அனுப்பியது. சுமார் 3 லட்சம் பேருக்கு 25 புள்ளிகளோ அதற்கு மேலோ மாறியிருந்ததாக அந்நிறுவனமே தெரிவித்தது. அடிப்படை அறிக்கையில் மாற்றமில்லை என்றும் அது விளக்கியது. அந்த மூன்று வாரங்களில் ஒரே தகுதியுள்ள இருவர் இரண்டு வங்கிகளுக்கு விண்ணப்பித்து, ஒரு வங்கி எக்ஸ்பீரியனையும் மற்றது ஈக்விஃபாக்ஸையும் திறந்திருந்தால், இருவருக்கும் கிடைத்த வட்டி விகிதம் வேறுபட்டிருக்கலாம். இருவருக்கும் காரணம் தெரிந்திருக்காது. பிழை திருத்தக் கோரும் மனுக்களை ஒழுங்காக விசாரிக்காததற்காக 2025 ஜனவரியில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் இதே நிறுவனத்துக்கு 1.5 கோடி டாலர் அபராதம் விதித்தது.

பிழை திருத்தும் சேவையைப் பொறுத்தவரை சட்டம் மூவருக்கும் ஒன்றே: மனு கிடைத்ததிலிருந்து பொதுவாக 30 நாட்களுக்குள், சில சூழல்களில் 45 நாட்களுக்குள், விசாரித்து முடிக்க வேண்டும். ஒரு பீரோவில் திருத்தினால் மற்ற இரண்டிலும் தானாகத் திருந்திவிடும் என்று நம்பக் கூடாது. பிழை எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கே தனித்தனியாக எழுத வேண்டும், பிழையான தகவலை அனுப்பிய வங்கிக்கும் எழுத வேண்டும். இணையப் படிவங்களில் தயாராகக் கிடைக்கும் காரணங்களில் ஒன்றைச் சொடுக்கி அனுப்புவதைவிட, சான்றுகளை இணைத்துத் தெளிவாக எழுதிய கடிதமே மேல் என்பது என் எண்ணம். படிவம் எவ்வளவு எளிதோ, அதை ஒரு குறியீடாகச் சுருக்கி வங்கிக்கு அனுப்பிவிட்டு வரும் பதிலை அப்படியே ஏற்பதும் அவ்வளவு எளிது.

எக்ஸ்பீரியனின் இலவசச் செயலிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பல இலவசச் சேவைகள் வான்டேஜ் ஸ்கோரையே காட்ட, இது தன் தரவின் மீதான ஃபைகோ 8 ஸ்கோரைக் காட்டுகிறது. வான்டேஜ் ஸ்கோர் என்பது மூன்று பீரோக்களும் சேர்ந்து 2006-இல் உருவாக்கியது. கிரெடிட் கர்மா போன்ற செயலிகளில் டிரான்ஸ்யூனியன், ஈக்விஃபாக்ஸ் தரவுகளின் மீது கணக்கிட்டுக் காட்டப்படுவதும் அதுதான். அது தவறான எண் அன்று. ஆனால் விண்ணப்பத்தைப் பார்க்கும் வங்கி வேறொரு மாதிரியைப் பயன்படுத்தினால் நமக்குத் தெரிந்த எண்ணுக்கும் அவர்கள் பார்க்கும் எண்ணுக்கும் இடைவெளி வரும். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நுகர்வோர் வாங்கும் ஸ்கோரும் வங்கி வாங்கும் ஸ்கோரும் ஐவரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடக்கூடும் என்று கண்டறிந்தது. எக்ஸ்பீரியன் 2019-இல் கொண்டுவந்த பூஸ்ட் என்ற வசதியும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கப்பட வேண்டும். தொலைபேசி, மின்சாரக் கட்டணங்களைச் செலுத்திய வரலாற்றை அது கோப்பில் சேர்க்கிறது. ஆனால் எக்ஸ்பீரியன் கோப்பில் மட்டுமே. வங்கி டிரான்ஸ்யூனியனைத் திறந்தால் அதனால் ஒரு பயனுமில்லை.

பூட்டும் சேவையில் மூவருக்கும் இடையே வேறுபாடு குறைவு, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. ஃப்ரீஸ் என்பது சட்டப்படி கோப்பைப் பூட்டுவது. 2018 செப்டம்பர் 21 முதல் அதைச் செய்வதும் நீக்குவதும் நாடெங்கும் இலவசம். இணையத்திலோ தொலைபேசியிலோ கேட்டால் ஒரு வேலை நாளுக்குள் பூட்ட வேண்டும். திறக்கக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் திறக்க வேண்டும். மோசடி எச்சரிக்கை என்ற குறிப்பை ஒரு பீரோவிடம் சொன்னால் அது மற்ற இரண்டுக்கும் தெரிவித்துவிடும். ஃப்ரீஸ் அப்படியன்று, ஒவ்வோரிடத்திலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சில தளங்களில் லாக் என்ற கட்டணச் சேவை ஃப்ரீஸுக்கு முன்னால் வந்து நிற்கிறது. லாக் நிறுவனத்துடன் நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. ஃப்ரீஸ் சட்டம் தந்த உரிமை. பணம் கொடுத்து முந்தையதை வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. மூன்றையும் பூட்டி வைத்துவிட்டு, விண்ணப்பிக்கும் நாளில் வங்கியையே அழைத்து எந்த பீரோவைப் பார்ப்பீர்கள் என்று கேட்டு அதை மட்டும் சில நாட்களுக்குத் திறப்பதே நல்ல வழி. கிளை ஊழியர்கள் பலருக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியாது. கடன் பரிசீலனைப் பிரிவுக்கு இணைத்துத் தரச் சொன்னால் தெரியும். விடையை வெளிப்படையாக எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே. கோல்ட்மேன் சாக்ஸ் வழங்கிய ஆப்பிள் கார்டின் உதவிப் பக்கத்தில் டிரான்ஸ்யூனியன் பெயரும் ஃபைகோ 9 பதிப்பும் குறிப்பிடப்பட்டிருந்தது நல்ல விதிவிலக்கு.

வங்கியின் தேர்வை உறுதியாகச் சொல்லும் ஆவணம் ஒன்று இருக்கிறது. அது நிராகரிப்புக் கடிதம். பீரோவின் அறிக்கையை வைத்து விண்ணப்பத்தை மறுத்தால், அந்த பீரோவின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பயன்படுத்திய ஸ்கோர், அதைத் தாழ்த்திய முக்கியக் காரணங்கள் ஆகியவற்றை வங்கி எழுதியே ஆக வேண்டும். 60 நாட்களுக்குள் கேட்டால் அந்த பீரோ இலவச அறிக்கை தர வேண்டும். எந்த வங்கி எதைப் பார்க்கிறது என்று விண்ணப்பதாரர்கள் தொகுத்துப் பகிரும் பட்டியல்களைவிட இந்த ஒரு தாளுக்கு நான் அதிக மதிப்பு தருவேன், ஏனெனில் அந்தப் பட்டியல்களில் மாநிலமும் ஆண்டும் கார்டின் வகையும் பெரும்பாலும் கலந்து கிடக்கின்றன. கடிதத்தில் மூன்று பெரிய பெயர்களுக்குப் பதிலாக வேறு பெயர் இருந்தாலும் திகைக்க வேண்டியதில்லை. குறுகிய காலக் கடன் தரும் நிறுவனங்கள் எக்ஸ்பீரியனுக்குச் சொந்தமான கிளாரிட்டி, டிரான்ஸ்யூனியனின் ஃபாக்டர்டிரஸ்ட் போன்ற தனி பீரோக்களைப் பார்ப்பதுண்டு. வங்கிக் கணக்குத் திறக்கும்போது, கணக்கு வரலாற்றைத் தொகுக்கும் செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் அறிக்கை பார்க்கப்படுவதுண்டு. இவையும் அதே சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் இவற்றிடமிருந்தும் நம் அறிக்கையைக் கேட்டுப் பெறலாம்.

புதிதாகக் குடியேறியவருக்கு மூன்று பீரோக்களும் ஒன்றுதான், மூன்றிலும் அவர் இல்லை. இந்தியாவில் சேர்த்து வைத்த சிபில் வரலாறு தானாகக் கடல் தாண்டி வராது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019-இல் நோவா கிரெடிட் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து, இந்தியா உள்ளிட்ட சில நாடுகளின் கடன் வரலாற்றை விண்ணப்பத்துக்குப் பயன்படுத்தும் ஏற்பாட்டைத் தொடங்கியது. வந்த முதல் மாதங்களில் முயன்று பார்க்கத் தக்க வழி அது. அதன் பின் முதல் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது, மூன்று பீரோக்களுக்கும் கட்டண வரலாற்றை அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்வது, எத்தனை சதவீதம் கேஷ்பேக் என்று கேட்பதைவிட முக்கியம்.

கட்டணச் சேவைகளில் ஒன்றை மட்டும், அதுவும் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஒரு மாதத்துக்கு மட்டும், வாங்கலாம் என்பேன்: ஃபைகோ நிறுவனமே நடத்தும் மைஃபைகோவின் மூன்று பீரோத் திட்டம். வங்கி பார்க்கும் 2, 4, 5 ஆகிய பதிப்புகளை நாமும் பார்க்க முடிவது அதன் பயன். மாதம் முடிந்ததும் நிறுத்திவிடலாம். ஆனால் இந்தப் பரிந்துரைக்கும் ஆயுள் நீளமில்லை. ஃபேனி மே, ஃப்ரெடி மாக் இரண்டையும் மேற்பார்வையிடும் கூட்டாட்சி வீட்டுவசதி நிதி முகமை 2022-இல் ஃபைகோ 10டி, வான்டேஜ் ஸ்கோர் 4.0 ஆகிய புதிய மாதிரிகளுக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று அறிக்கைகளுக்குப் பதில் இரண்டே போதும் என்ற திட்டத்தையும் அப்போது முன்வைத்தது. 2025 ஜூலையில், வங்கிகள் வான்டேஜ் ஸ்கோர் 4.0-ஐப் பயன்படுத்தலாம் என்றும், மூன்று பீரோ அறிக்கை தொடரும் என்றும் அறிவித்தது. எனவே இப்போது வீட்டுக் கடனுக்குப் போகிறவர், பணம் கட்டுவதற்கு முன் கடன் அதிகாரியிடம் எந்த மாதிரியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டுவிட வேண்டும். விடை வான்டேஜ் என்று வந்தால் மைஃபைகோவுக்குக் கொடுக்கும் பணம் வீண்.